மஞ்சள் குடிலிலிருந்து வந்த அழைப்பு

இது நடந்தது பட்டப்பகலில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டு, தூக்கக் கலக்கம், கண் மயக்கம் என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. ஜூன் மாதக் கடைசி. வெயில் மண்டையைப் பிளந்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான மனிதர்கள், பாட்டு, கூச்சல், சர்க்கரை கருகும் வாசனை. அதற்கு நடுவில்தான் எங்களுக்கு அது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பூங்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்கிறான் என் கணவன் பிளாஸ். தெற்கே கடலோரமாக இருக்கிறது, உள்ளேயே பெரிய ஹோட்டலும் உண்டு, அவ்வளவு போதும்.

நாங்கள் ஊபெதா என்கிற ஊர்க்காரர்கள். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பிளாஸ் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். காந்தேலாவுக்கு எட்டு வயது, தம்பி சவூலுக்கு ஐந்து. அந்த மே மாதம் தேவாலயத்தில் காந்தேலாவுக்குப் புதுநன்மைச் சடங்கு நடந்திருந்தது. அதற்குப் பரிசாக, அவளுடைய ஞானத்தாயும் பிளாஸின் தங்கையுமான ஆராசெலி எங்கள் எல்லோரையும் அந்தப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நாள் தங்குவதாகத் திட்டம்.

முதல் நாள் எந்தக் குறையும் இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டாம் நாள். மதியச் சாப்பாட்டு நேரம். பைன் மரத்தடியில் உட்கார்ந்து, நான் காலையில் வாங்கி வைத்திருந்த முட்டை ரொட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது.

"செஞோரா, குழந்தையோட அம்மாங்களா? வாசல் பக்கத்து மஞ்சள் குடில்ல இருந்து பேசறேன். வழி தவறின குழந்தைங்களை வெச்சிருக்கிற இடம். பயப்படாதீங்க, உங்க பொண்ணு பத்திரமா இருக்கா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். காந்தேலா எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். வான நீல ஃப்ராக். ஆராசெலி முந்தின நாள் வாங்கித் தந்த சிவப்புத் தொப்பி. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததால் ஒரு பக்கமாகவே மென்றாள்.

"என் பொண்ணு இதோ என் முன்னாடிதாங்க இருக்கா. நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

"அப்படியா? கைப்பட்டையில இந்த நம்பர்தான் எழுதியிருக்கு…"

உள்ளே நுழையும்போது குழந்தைகளின் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை கட்டி, பெற்றோரின் போன் எண்ணை எழுதிவிடுவார்கள். யாரோ ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றாள் ஆராசெலி.

"என் பொண்ணு அவங்ககிட்ட இருக்காளாம்."

"போய் வாங்கிட்டு வா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம் போல."

"இருக்கிற ரெண்டுக்கே காலையில சாக்ஸ் தேடி முடியல," என்றான் பிளாஸ்.

எல்லோரும் சிரித்தோம். காந்தேலா மட்டும் சிரிக்கவில்லை. மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாவம்மா அவ," என்றாள். "அவளோட அம்மா எங்க?"

ஒரு மணி நேரம் போயிருக்கும். படகு சவாரிக்கான வரிசையில் நின்றோம். சவூலுக்கு உயரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் அழுதான். அவனுக்குக் குதிரைக்குட்டி காட்டுகிறேன் என்று பிளாஸ் தூக்கிக்கொண்டு போனான். ஹோட்டல் பக்கத்து வாசலருகே அந்தக் குட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள்.

மறுபடியும் போன். அதே பெண். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மன்னிக்கணும் செஞோரா. பேர் கேட்டேன். காந்தேலாங்கிறா. ஊர் ஊபெதாவாம். தம்பி பேரு சவூலாம். அம்மா பேரு இன்மாகுலாதாவாம், பச்சை சட்டை போட்டிருக்காங்களாம்."

இன்மாகுலாதா நான்தான். போட்டிருந்ததும் பச்சை சட்டை.

"இருங்க, அவகிட்டயே குடுக்கறேன்…"

ஏதோ உரசும் சத்தம். பிறகு மூச்சு. மூக்கடைத்த குழந்தை விடும் மூச்சு.

"அம்மா… இங்க ரொம்பக் குளிருதும்மா. எப்ப வருவ?"

அது காந்தேலாவின் குரல்.

அவளைப் போலப் பேசும் யாரோ ஒரு குழந்தையின் குரலாக எனக்குப் படவில்லை. எட்டு வருஷமாகக் கேட்கிற குரல் பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் காந்தேலா என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை என் கைக்குள் இருந்தது. வாய் மூடியிருந்தது.

இணைப்பு அறுந்துவிட்டது.

"யாரோ விளையாடுறாங்க," என்றாள் ஆராசெலி. "வாசல்ல நாம பேசினதை ஒட்டுக்கேட்டிருப்பாங்க. போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வா. நான் இவளைப் பார்த்துக்கறேன். வரிசை எப்படியும் நகரப்போறதில்ல."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க விரும்பினேன். காந்தேலாவின் கையை ஆராசெலியின் கையில் கொடுத்தேன்.

"அத்தை கையை விடாதே. என்ன?"

"சரிம்மா."

மஞ்சள் குடில் காளான் வடிவத்தில் இருந்தது. வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி விசிறியால் விசிறிக்கொண்டு நின்றாள். சட்டையில் லூர்தெஸ் என்று பெயர் குத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"என்ன செஞோரா, ஏதாவது மறந்துட்டீங்களா?"

போனில் பேசிய அதே குரல்.

"நான் இப்பதானே வர்றேன்," என்றேன்.

"இப்பவா?" என்று சிரித்தாள். "இப்பதானே பொண்ணைக் கூட்டிட்டுப் போனீங்க."

"யாரு?"

"நீங்கதான்."

விசிறி நின்றது. அவள் சிரிப்பும் நின்றது.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல செஞோரா. நீங்க வந்தீங்க. உங்க அடையாள அட்டையைக் காட்டினீங்க. போட்டோவையும் உங்க முகத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். எங்க விதி அப்படி. அவளைக் கட்டிப்பிடிச்சீங்க…"

என் அடையாள அட்டை என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"இதேதான்," என்றாள் மெதுவாக.

நான் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தேன். குட்டி மேசை. குட்டி நாற்காலி. மேசையில் பாதி குடித்த ஆரஞ்சுச் சாறு. அதில் ஐஸ் இன்னும் கரையவில்லை.

"குழந்தை… எப்படி இருந்தா?"

"நீல ஃப்ராக். சிவப்புத் தொப்பி." அவள் விசிறியை மடித்தாள். "முன்பல் ஒண்ணு ஆடிச்சு. நாக்கால அதைத் தள்ளிக்கிட்டே இருந்தா."

நான் திரும்பி ஓடினேன்.

கூட்டம். வண்டிகளில் குழந்தைகள். பலூன்கள். யாருடைய காலையோ மிதித்தேன். திட்டினார்கள். ஓடினேன்.

படகு வரிசை. ஆராசெலியின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

அவள் தனியாக நின்றாள்.

"காந்தேலா எங்க?"

"என்ன எங்க?" என்றாள். "நீதானே வந்து கூட்டிட்டுப் போன."

"நானா?"

"இன்மா, விளையாடாத."

"ஆராசெலி. என்னைப் பாரு. நான் இப்பதான் வர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறோம்னு சொன்ன," என்றாள். "என் கன்னத்துல முத்தம் குடுத்த. இவ எப்பவும் இப்படியெல்லாம் குடுக்கமாட்டாளேன்னு நினைச்சேன். உதடு… உதடு ஐஸ் மாதிரி இருந்துச்சு, இன்மா. ஐஸ்கிரீம் தின்னிருப்பேன்னு நினைச்சேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பூங்காக் காவலாளிகள் வந்தார்கள். ஒலிபெருக்கியில் காந்தேலாவின் பெயரைச் சொன்னார்கள். பிளாஸுக்குப் போன் செய்தேன். அவன் ஹோட்டல் பக்கத்து வாசலில்தான் நின்றான். "அங்கேயே நில்லு, அந்த வழியா யாரும் போகாம பாரு," என்றேன். ஆராசெலி பெரிய வாசலுக்கு ஓடினாள். நான் எங்கே ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஊர்வலம் கிளம்பியது. பெரிய பெரிய முரசுகள். பொம்மைத் தலை மாட்டிய ஆட்கள் ஆடிக்கொண்டு போனார்கள். நான் "காந்தேலா!" என்று கத்தியது என் காதிலேயே விழவில்லை.

ஒவ்வொரு சிவப்புத் தொப்பியாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வேறு முகங்கள்.

பூங்காவின் கோடியில் ஒரு குதிரை ராட்டினம் இருந்தது. பழுது என்று சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆளே இல்லை. முரசுச் சத்தம் தூரத்தில் கேட்டது. ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சு.

அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நீல ஃப்ராக். சிவப்புத் தொப்பி. இரண்டு கைகளும் மடியில். கால்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அழவில்லை.

நான் அப்படியே முழங்காலில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

"எங்கடி போன? யார்கூட வந்த?"

"இங்கயே உக்காந்திரு, அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"அம்மா."

அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"நான்தான்டி அம்மா," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று புது டீச்சரைப் பார்ப்பது போல. நெற்றியைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அங்கே இருக்க எனக்குத் தெம்பில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றேன். பிளாஸ் மறுபேச்சு பேசவில்லை. எல்லோருமாக ஹோட்டலுக்குப் போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பையன் பிளாஸைப் பார்த்துக் கையசைத்தான்.

"நீங்க இன்னும் கிளம்பலையா? உங்க வீட்டுக்காரம்மாவும் பொண்ணும் இப்பதான் சாவியைக் குடுத்துட்டு…"

அப்போதுதான் பிளாஸுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். என் கையைப் பிடித்திருந்த காந்தேலாவைப் பார்த்தான். வாய் திறந்தபடியே நின்றது.

பிளாஸ் மேசையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டான். படியேறி ஓடினான். நாங்களும் ஓடினோம்.

அறை ஒழுங்காக இருந்தது. என் நகைகள் இருந்தன. பிளாஸின் கேமரா இருந்தது. சவூலின் பொம்மைகள் தரையில் கிடந்தன. காந்தேலாவின் பை மட்டும் இல்லை. அவளுடைய இரவு உடை இல்லை. செருப்பு இல்லை. குவளையில் மூன்று பல்துலக்கிகள் இருந்தன. அவளுடையது இல்லை.

"திருட்டுப் பசங்க," என்றான் பிளாஸ். ரொம்பச் சத்தமாகச் சொன்னான்.

எந்தத் திருடன் எட்டு வயதுப் பிள்ளையின் பல்துலக்கியை எடுத்துக்கொண்டு போவான்?

உடனே காரில் ஊருக்குக் கிளம்பினோம். ஆராசெலி முன் சீட்டில் அமர்ந்து வழி முழுக்க கன்னத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சவூல் என் மடியில் தூங்கினான். அக்கா பக்கம் உட்கார மாட்டேன் என்று ஏறும்போதே அடம் பிடித்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு முகத்தை என் சட்டையில் புதைத்துக்கொண்டான்.

மாலை வெயிலில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குன்றுகள் வந்தன. ஹாயேன் ஜில்லாவுக்குள் நுழைந்துவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆலிவ் மரம்தான். வேறு மரம் பார்க்க முடியாது. காந்தேலா பிறந்ததே அந்த மரங்களுக்கு நடுவில். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தாத்தாவின் தோப்பில் காய் பொறுக்குகிறவள்.

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் என்ன மரம்?" என்றாள்.

ஆராசெலி ஒரு சிரிப்பு சிரித்தாள். பிள்ளைக்குத் தூக்கக் கலக்கம் என்றாள். நானும் ஆமாம் என்றேன். பிளாஸ் பின்பார்வைக் கண்ணாடி வழியாக அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு வீடு சேரும்வரை பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஆடிய பல் விழுந்தது. புதுப் பல் முளைத்தது. பள்ளிக்கூடம் திறந்தது. கணக்கில் எப்போதும் போல் சுமாரான மதிப்பெண்தான். நண்பர்களோடு சண்டை, சமாதானம், எல்லாம் முன்பு போலவே. சவூலும் மெல்ல மெல்ல அவளோடு விளையாட ஆரம்பித்தான். நான் அந்தப் பகலை மறக்கப் பழகிக்கொண்டேன். நமக்குப் பிள்ளை கிடைத்துவிட்டாள், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பிளாஸ் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் சொன்னேன், இந்தக் கோடையில் எங்கேயாவது போகலாமா என்று.

அவன் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தான். கதவைச் சாத்தினான்.

"போன ஜூலையில கிரனாதாவுக்கு வேலைக்குப் போறேன்னு சொன்னேன்ல," என்றான். "நான் கிரனாதாவுக்குப் போகல."

அவன் பூங்காவுக்குப் போயிருக்கிறான். பாதுகாப்பு அதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறான். அன்றைய கேமராப் பதிவுகளை அவர் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"என்ன இருந்துச்சு?" என்றேன்.

"நீ இருந்த."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் குழாயை மூடவில்லை.

"மஞ்சள் குடில்ல இருந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வெளிய வந்த. அவளை ஒரு தூண் பக்கத்துல நிக்க வெச்சிட்டு, படகு வரிசைக்குப் போய் காந்தேலாவைக் கூட்டிட்டு வந்த. அப்புறம் மூணு பேரும் நடந்து போனீங்க. கைக்கு ஒருத்தி. ஒரே ஃப்ராக், ஒரே தொப்பி. அதிகாரி கேட்டாரு, உங்களுக்கு இரட்டைப் பொண்ணுங்களான்னு."

"அப்புறம்?"

"ராட்டினத்துக்குப் பின்னாடி போனீங்க. அங்க கேமரா இல்ல. திரும்பி வரும்போது நீயும் ஒரு பொண்ணும் மட்டும்தான்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஹோட்டல் பக்கத்து வாசல் கேமராவுல ரெண்டு பேரும் வந்தீங்க. அந்தப் பொண்ணு வரமாட்டேன்னு காலை ஊனி இழுத்தா. அழுதா. நீ அவ கையை விடல."

"பிளாஸ்…"

"நானும் அந்தப் படத்துல இருக்கேன், இன்மா. அந்த வாசல்லதான் நிக்கறேன். சவூல் என் தோள்ல இருக்கான். ஊர்வலத்தைப் பார்த்து, காந்தேலா, காந்தேலான்னு கத்திக்கிட்டு இருக்கேன். என் முதுகுக்குப் பின்னாடி… இதோ இந்த மேசை அகலம்கூட இருக்காது… அவ இன்னொரு கையை என் பக்கம் நீட்டினா. வாயைத் திறந்து கத்தினா. படத்துல சத்தம் இல்ல. ஆனா என்ன கத்தினான்னு தெரிஞ்சது. அப்பான்னு கத்தினா."

அவன் பாத்திரம் துடைக்கும் துணியை முறுக்கினான்.

"முரசு அடிச்சாங்க. எனக்குக் கேட்கல. நான் திரும்பல."

சவூல் அவன் தோளில் பின்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தானாம். அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

குழாயை மூடினேன். பிறகு கேட்டேன்.

"போலீஸுக்குப் போனியா?"

"என்னன்னு போறது?" என்றான். "நம்ம பொண்ணு வீட்ல இருக்கா. யாரைக் காணோம்னு எழுதிக் குடுப்பேன்?"

பக்கத்து அறையில் டிவிச் சத்தம் நின்றது.

"அம்மா!" என்று கூப்பிட்டாள் அவள்.

பிளாஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அம்மா, வாயேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.